மிதப்பவை எவ்வளவு ஆடும்: கணக்கு தடுமாறும் இடம்

மிதக்கும் கட்டமைப்புகளின் அசைவைக் கணிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற யாரும் முதல் சில வாரங்களிலேயே சந்திக்கும் வரைபடம் ஒன்று உண்டு. கிடை அச்சில் அலையின் காலம், அதாவது அடுத்தடுத்த இரு முகடுகள் கடந்துபோகும் இடைவெளி, விநாடிகளில். நிலை அச்சில், ஒரு மீட்டர் வீச்சுள்ள அலை பக்கவாட்டில் வந்தால் கப்பல் எத்தனை பாகை சாயும் என்பது. ஐந்து விநாடி அலைக்குக் கோடு ஏறக்குறைய தரையோடு கிடக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து என்று மெல்ல எழுகிறது. பன்னிரண்டாவது விநாடியில் ஊசி போல நிமிர்ந்து 25 பாகையைத் தொட்டுவிட்டு, பதினான்கில் மறுபடி கீழே வந்துவிடுகிறது. இது நேர்விகிதக் கணக்கு. அலை மூன்று மடங்கானால் சாய்வும் மூன்று மடங்கு. மூன்று மீட்டர் வீச்சுள்ள அலைக்கு 75 பாகை. அந்த விடையின்படி கப்பல் கவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அதே மாதிரிக் கப்பல்கள் அதைவிட மோசமான கடல்களைத் தாண்டி ஆண்டுக்கணக்காக ஓடுகின்றன.

மென்பொருளில் பிழை இல்லை. கொடுத்த வடிவத்திலும் எடையிலும் பிழை இல்லை. உள்ளீட்டுக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, ஐந்து சதவீதம் என்ற பொருளில் ஓர் எண்ணைத் தட்டினால் அந்த ஊசி மழுங்கி, பத்துப் பாகை அளவில் நின்றுவிடும். அந்த ஒற்றை எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் இந்தத் துறையின் உண்மையான நிலவரம் புரியத் தொடங்குகிறது.

அந்த எண்ணுக்குப் பெயர் தணிப்பு. சாய்த்துவிட்டால் மறுபக்கம் ஆடாமலே நிமிர்ந்து நிற்கத் தேவையான தணிப்பில் எத்தனை சதவீதம் என்று அதைச் சொல்வார்கள். ஆடும் பொருளிடமிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. மிதக்கும் பொருளின் நிறையையும் அதை நிமிர்த்தும் விசையையும் இன்றைய கணிப்புமுறைகள் வியக்கத்தக்க துல்லியத்தோடு தருகின்றன. ஆனால் அசைவு உச்சத்தைத் தொடும் இடத்தில் அவை இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. அங்கே விடையைத் தீர்மானிப்பது தணிப்பு மட்டுமே. தணிப்பில் பெரும்பங்கோ, கணக்கை எளிதாக்குவதற்காகக் கொள்கையிலிருந்து முதலிலேயே வெளியே எடுத்துவைத்த விஷயங்களிலிருந்து வருகிறது. எங்கே ஆட்டம் அதிகமோ அங்கேதான் கணக்கு பலவீனம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வண்ண வண்ண அனிமேஷன்களைப் பார்த்து நம்புவது ஆபத்து என்று உறுதியாக நினைக்கிறேன்.

தண்ணீரும் கூடவே ஆடும்

எளிதான பக்கத்திலிருந்து வருவோம். பெட்டி வடிவ மிதவை ஒன்று, நீருக்குள் ஐந்து மீட்டர் அமிழ்ந்து நிற்கிறது. அதை ஒரு கை அழுத்திவிட்டு விட்டால் மேலும் கீழும் ஆடும். கூடுதலாக அமிழும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வெளியேறும் நீரின் எடை அதை மேலே தள்ளும். இது ஆர்க்கிமிடீஸ் காலத்துச் செய்தி. ஆடும் காலத்தைக் கணக்கிட்டால் மிதவையின் நீளமும் அகலமும் அடிபட்டுப் போய், அமிழ்ந்த ஆழம் மட்டும் மிஞ்சும். ஐந்து மீட்டருக்கு விடை 4.5 விநாடி.

தொட்டியில் வைத்து அளந்தால் 4.5 வராது, ஆறு விநாடிக்கு மேல் வரும். மிதவை கீழே இறங்கும்போது அடியிலிருக்கும் நீர் ஒதுங்கியாக வேண்டும். ஏறும்போது அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். ஆடுவது மிதவை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள நீரும்தான். 1828-ல் வானியலாளர் ஃப்ரீட்ரிக் பெஸ்ஸல் ஊசல்களை வைத்துத் துல்லியமான அளவீடுகள் செய்தபோது, சுற்றியிருக்கும் காற்றும் ஊசலோடு சேர்ந்து நகர்வதைக் கணக்கில் எடுத்தாக வேண்டியிருந்தது. காற்றிலேயே அப்படியென்றால், தண்ணீரில் கேட்க வேண்டாம். நீருக்குள் முழுதாக மூழ்கிய கோளத்துக்கு, அது இடம்பெயர்த்த நீரின் நிறையில் சரிபாதி கூடுதலாகச் சேர்கிறது. தட்டையான அடிப்பாகம் கொண்ட பெட்டிக்கு, தன் நிறை அளவுக்கே, சில சமயம் அதற்கு மேலும் சேரும். நிறை இரட்டித்தால் 4.5 விநாடி 6.3 ஆகிறது.

இந்தக் கூடுதல் நிறை ஆட்டத்தின் காலத்துக்கு ஏற்ப மாறும் என்பதுதான் கணக்கைச் சுவையாக்குகிறது. மிதவை ஆடும்போது அதிலிருந்து அலைகள் வட்டமாகப் புறப்பட்டுப் போகின்றன. குளத்தில் விழுந்த கல்லைச் சுற்றி எழும் வளையங்கள் போலத்தான். அந்த அலைகள் ஆற்றலைச் சுமந்து செல்கின்றன. அந்த இழப்பே தணிப்பின் முதல் வகை. ஒரு நொடிக்கு முன் மிதவை எழுப்பிய அலை இன்னும் அருகிலேயே இருக்கும், அதன் அழுத்தம் இப்போதும் மிதவை மேல் விழும். நீருக்கு நினைவாற்றல் உண்டு என்று இந்தத் துறையில் சொல்வார்கள். 1962-ல் கமின்ஸ் அந்த நினைவைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார்: இந்தக் கணத்து விசைக்கு இந்தக் கணத்து வேகம் மட்டும் போதாது, கடந்துபோன வேகங்கள் அனைத்தையும் உரிய எடையிட்டுக் கூட்ட வேண்டும். இன்று காலப்போக்கில் அசைவைக் கணிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தச் சமன்பாட்டின் மீதே நிற்கின்றன.

மிதக்கும் பொருளுக்கு ஆறு வகை அசைவு. முன்பின்னாக நகர்வது சர்ஜ், பக்கவாட்டில் நகர்வது ஸ்வே, ஏறி இறங்குவது ஹீவ். பக்கவாட்டுச் சாய்வு, அதாவது உருளல், ரோல்; முன்பின் சாய்வு பிட்ச், திசை திரும்புவது யா. இவற்றில் ஹீவ், ரோல், பிட்ச் மூன்றையும் நீரே நிமிர்த்திவிடும். சாய்ந்த கப்பல் ஏன் நிமிர்கிறது என்பதற்கு 1746-லேயே பியர் பூகே மெட்டாசென்டர் என்ற கருத்தால், அதாவது சாய்ந்த கப்பலை மேலே தள்ளும் விசையின் கோடு அதன் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியைக் கொண்டு, விடை சொல்லிவிட்டார். மற்ற மூன்றுக்கும் நீரில் மீள்விசை கிடையாது. பக்கவாட்டில் தள்ளப்பட்ட மிதவையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் கடலுக்கு எந்த அக்கறையும் இல்லை. நங்கூரச் சங்கிலிதான் இழுத்துவர வேண்டும். சங்கிலியின் இழுப்பு கட்டமைப்பின் நிறையோடு ஒப்பிட்டால் மிக மென்மையானது. அதனால் அந்த அசைவுகளின் காலம் நிமிடக்கணக்கில் நீளும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அலையிடமிருந்து ஒதுங்கி நிற்பது

ஆழ்கடலில் அலையின் காலத்தை வர்க்கப்படுத்தி 1.56-ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். பத்து விநாடி அலை 156 மீட்டர் நீளம். நமது பெட்டி மிதவைக்கு ஒத்துப்போகிற 6.3 விநாடி அலை சுமார் 62 மீட்டர்; சாதாரணக் காற்று நாளிலும் கடலில் இருக்கக்கூடியது. அலையின் கீழ் நீர்த்துகள்கள் வட்டமிடுகின்றன; கீழே போகப் போக வட்டம் சுருங்கும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் மேற்பரப்பு அசைவில் நான்கு சதவீதம்தான் மிச்சம்.

கடல் ஆற்றலின் பெரும்பகுதி ஐந்து விநாடிக்கும் இருபது விநாடிக்கும் இடையே இருப்பதால், வடிவமைப்பாளர்கள் அந்த எல்லைக்கு வெளியே ஓடிப்போகப் பார்க்கிறார்கள். நீண்ட உருளையாக 120 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஸ்பார் மிதவையின் ஹீவ் காலத்தை மேலே சொன்ன அதே எளிய கணக்கில் போட்டால் 22 விநாடி. கூடுதல் நிறையும் சேர்ந்தால் இன்னும் நீளும். அரைமூழ்கு மேடைகள் நீர்ப்பரப்பை மெல்லிய தூண்களால் மட்டும் வெட்டிக்கொண்டு, பெரும் உடலை ஆழத்தில் வைத்து இருபது விநாடிக்கு மேல் தப்பிக்கின்றன. விறைப்பான இரும்புக் குழாய்களால் கடலடியோடு கட்டிய மேடைகள் எதிர்த்திசையில் ஓடி, இரண்டிலிருந்து நான்கு விநாடிக்குள் ஒளிந்துகொள்கின்றன. கப்பலுக்கும் தட்டையான படகுக்கும் இந்த வசதி இல்லை, அலைகளின் நடுவிலேயே வாழ்ந்தாக வேண்டும்.

பேனல்களாக வெட்டிய உடல்

இனி கணினி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீர் பிசுபிசுப்பற்றது, சுழலாதது, அலைகள் சிறியவை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இப்படிச் செய்தால் நீரின் இயக்கம் முழுவதையும் பொட்டென்ஷியல் என்ற ஒரே ஒரு சார்பில் அடக்கிவிடலாம். பிறகு பிரச்சினையை இரண்டாக வெட்டுகிறோம். ஒன்றில் மிதவையை அசையாமல் பிடித்துவைத்து அலையை மோதவிடுகிறோம். மற்றதில் அலையே இல்லாத கடலில் மிதவையை ஆறு வகையிலும் ஆட்டிப் பார்க்கிறோம். முதலாவது, அலை தரும் விசையைச் சொல்கிறது. இரண்டாவது, கூடுதல் நிறையையும் அலைவழித் தணிப்பையும் சொல்கிறது. அலை விசையிலும் ஒரு பாதி எளிது: மிதவை அங்கே இல்லாததுபோல் பாவித்து, வரும் அலையின் அழுத்தத்தை உடலின் பரப்பு முழுக்கக் கூட்டுவது. வில்லியம் ஃப்ரூட் 1861-ல் கப்பலின் உருளலைப் பற்றி எழுதியபோதும், அலெக்ஸி கிரிலோவ் 1896-ல் முன்பின் சாய்வைக் கணித்தபோதும் இதை வைத்தே வேலை செய்தார்கள். இன்றும் அந்த விசைக்கு அவர்கள் இருவரின் பெயர்தான். மறுபாதி, மிதவை மோதிச் சிதறிய அலையின் விசை. அதற்குத்தான் கணினி வேண்டும்.

நனைந்த பரப்பை ஆயிரக்கணக்கான நாற்கோணத் துண்டுகளாக, அதாவது பேனல்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் அளவு தெரியாத ஓர் ஊற்று இருப்பதாக வைத்து, நீர் உடலைத் துளைத்துக்கொண்டு போகக்கூடாது என்ற நிபந்தனையை ஒவ்வொன்றிலும் எழுதினால், எத்தனை துண்டுகளோ அத்தனை சமன்பாடுகள். மூவாயிரம் துண்டு என்றால் 90 லட்சம் கெழுக்கள் கொண்ட அணி, அதுவும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் புதிதாக. விமானவியலுக்காக 1960-களில் ஹெஸ், ஸ்மித் இருவரும் வளர்த்த முறை இது; கடலுக்கு வந்தபோது நீர்ப்பரப்பின் நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த வாமிட் என்ற மென்பொருள் பல பத்தாண்டுகளாக இந்த வேலையின் அளவுகோலாக இருக்கிறது. பிரான்சின் நாந்த் நகரிலிருந்து வந்த நெமோ திறந்த மூல மென்பொருள். மாணவர்கூட இன்று வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம்.

அனுபவமுள்ளவர் இந்த விடையைப் பார்க்கும் விதம் தனி. முதலில் பார்ப்பது அசைவை அல்ல, கொள்ளளவை. பேனல்களைக் கொண்டு மூன்று திசையிலும் தனித்தனியாகக் கணக்கிட்ட மூன்று கொள்ளளவுகளும் ஒத்துப்போகின்றனவா? ஒன்று விலகினால் எங்கோ ஒரு பேனல் திரும்பியிருக்கிறது, அல்லது ஓட்டை விழுந்திருக்கிறது. அடுத்து கூடுதல் நிறையின் கோட்டைப் பார்ப்பார். வழவழவென்று போகும் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு முள் துருத்திக்கொண்டிருந்தால், இயற்பியலில் காரணம் தேடிப் பயனில்லை. உடலின் உட்புறத்தில், உண்மையில் நீரே இல்லாத இடத்தில், கற்பனை நீர் ஒன்று தொட்டித் தண்ணீர்போல் தளும்புவதால் வரும் போலி முள் அது. ஃப்ரிட்ஸ் ஜான் 1950-லேயே இதைக் காட்டிவிட்டார். உள்ளே மூடி போட்டதுபோல் சில பேனல்களைப் பரப்பினால் முள் மறைந்துவிடும்.

ஒரே சீராக வரும் அலையைக் கடலில் யாரும் பார்த்ததில்லை. நூற்றுக்கணக்கான சீரலைகளின் கூட்டலாகக் கடலைப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் மிதவையின் பதிலைக் கண்டு அவற்றையும் கூட்டலாம் என்று 1953-ல் செயின்ட் டெனிஸும் பியர்சனும் காட்டினார்கள். எந்த அலையில் எவ்வளவு ஆற்றல் என்பதை நிறமாலை சொல்லும். வட கடலில் சில்ட் தீவுக்கு அப்பால் 1968, 1969-ல் அளந்து 1973-ல் வெளியிட்ட ஜான்ஸ்வாப் நிறமாலையைத்தான் இன்றும் எடுத்த எடுப்பில் பயன்படுத்துகிறார்கள். மூன்று மணிநேரப் புயலில் ஆயிரம் அலைகள் என்று வைத்தால், மிகப் பெரிய அலை குறியீட்டு உயரத்தைப்போல (உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி உயரம் அது) 1.86 மடங்கு இருக்கும் என்று புள்ளியியல் எதிர்பார்க்கிறது. 1995 ஜனவரி 1 அன்று வட கடலின் டிராப்னர் மேடையில் பதிவான 25.6 மீட்டர் அலை, அப்போதைய குறியீட்டு உயரமான 12 மீட்டரை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியது.

நிமிடக்கணக்கில் நகரும் பேராட்டம்

இதுவரை சொன்னதில் எல்லாம் அலையின் காலம் எதுவோ அதே காலத்தில்தான் மிதவையும் ஆடும். நங்கூரமிட்ட பெரிய கட்டமைப்பைக் கூர்ந்து கவனித்தவர்கள் வேறொன்றையும் பார்க்கிறார்கள். பத்து விநாடி அலைகளுக்கு நடுவே, ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை, முழு உடலும் முன்னே போய்ப் பின்னே வருகிறது. அவ்வளவு நீண்ட காலமுள்ள அலை எதுவும் அந்தக் கடலில் இல்லை.

அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. பத்து விநாடி அலையும் பதினொரு விநாடி அலையும் சேர்ந்தால் 110 விநாடிக்கு ஒருமுறை பலத்துத் தணியும். ஒவ்வோர் அலையும் மிதவையில் மோதிச் சிதறும்போது முன்னோக்கி ஒரு சின்னத் தள்ளல் கொடுக்கிறது. அது அலையின் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். கூட்டம் பலத்தால் தள்ளலும் பலக்கும், தணிந்தால் குறையும். ஆக 110 விநாடிக்கு ஒருமுறை தட்டும் விசை ஒன்று தானாகப் பிறக்கிறது. நங்கூரச் சங்கிலியில் நிற்கும் கட்டமைப்பின் சர்ஜ் காலமும் அதே வட்டாரத்தில் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? விசை அலை விசையோடு ஒப்பிட்டால் அற்பம். அசைவோ பத்து, இருபது மீட்டர். சங்கிலி அறுவதா இல்லையா என்பதைப் பல நேரங்களில் இந்த மெதுவான ஆட்டம்தான் முடிவுசெய்கிறது.

இதை எது தணிக்கும்? அலை எழுப்பித் தணியலாமே என்றால், 110 விநாடி அலையின் நீளத்தை அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 19 கிலோமீட்டர். ஐம்பது மீட்டர் அகலக் கட்டமைப்பு முன்பின்னாக மெல்ல அசைந்து 19 கிலோமீட்டர் நீள அலையை எழுப்ப முடியுமா? முடியாது. பேனல் கணக்கு இங்கே தரும் தணிப்பு சுழியம் என்றே சொல்லலாம். அதை அப்படியே நம்பினால் மிதவை எல்லையின்றி ஆட வேண்டும். உண்மையில் அதைப் பிடித்து நிறுத்துபவை வேறு: உடலின் விளிம்புகளில் உதிரும் சுழல்கள், நீரைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் அசையும் சங்கிலி, அலைகளுக்கு எதிராக நகரும்போது கூடும் அலைத் தள்ளல். எல்லாமே பிசுபிசுப்பற்ற நீர், சிறிய அலை என்ற அடிப்படையில் முதலிலேயே வெளியே போனவை.

ஒழுங்கற்ற கடலில் இத்தகைய ஆட்டத்தின் அளவு தணிப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். தணிப்பை ஐந்து சதவீதம் என்று நினைத்தவர் உண்மையில் அது இரண்டரைதான் என்று கண்டால், அசைவை 41 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். புள்ளியியலும் கைகொடுக்காது: மூன்று மணிநேரத்தில் பத்து விநாடி அலைகள் ஆயிரத்துக்கு மேல் வரும், 110 விநாடி ஆட்டம் நூறைக்கூடத் தொடாது. ஒரு தடவை ஓட்டியதில் கிடைத்த உச்சம், அடுத்த தடவை வேறு சீரற்ற எண்களோடு ஓட்டினால் கணிசமாக மாறும். அதனால்தான் ஒரே புயலைப் பத்து, இருபது முறை வெவ்வேறு அலை வரிசைகளில் ஓட்டுகிறார்கள். ஒரே ஓட்டத்தை வைத்துச் சங்கிலியின் இழுவிசையைச் சொல்லும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

நீரோட்டம்: தள்ளவும் செய்யும், பிடிக்கவும் செய்யும்

நீரோட்டத்தைப் பலர் ஒரு நிலையான தள்ளல் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம், சதுர மீட்டருக்குச் சுமார் 500 நியூட்டன் அழுத்துகிறது. அதை வடிவத்துக்கு உரிய இழுவைக் கெழுவால் பெருக்க வேண்டும். கெழு ஒன்று என்றால், பத்து மீட்டர் விட்டமும் இருபது மீட்டர் ஆழமும் கொண்ட தூணில் பத்து டன் எடைக்குச் சமமான தள்ளல். ஓட்டம் இரட்டித்தால் நான்கு மடங்கு.

அந்த வர்க்கத்துக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஓட்டம் பெரிய வேகத்தில் போகும்போது மிதவை அதற்குள் சிறிய வேகத்தில் முன்பின்னாக ஆடினால், விசை இரண்டு வேகங்களின் கூட்டலின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த விரிவாக்கம்தான்: ஓட்டத்தின் வர்க்கம், அசைவின் வர்க்கம், நடுவில் இரண்டின் பெருக்கற்பலன் இரட்டிப்பாக. முதல் உறுப்பு நிலையான தள்ளல். நடு உறுப்பு அசைவின் வேகத்தோடு நேர்விகிதத்தில் மாறுகிறது, அசைவை எதிர்க்கிறது. அது சுத்தமான தணிப்பு. ஆக நீரோட்டம் கட்டமைப்பை நகர்த்திச் சங்கிலியை இறுக்குகிறது. கூடவே மெதுவான ஆட்டத்தைப் பிடித்தும் வைக்கிறது. ஓட்டமே இல்லாத நாளில் சில கட்டமைப்புகள் அதிகம் ஆடுவது இதனால்தான். அலைக் கணக்கைத் தனியாகவும் ஓட்டக் கணக்கைத் தனியாகவும் போட்டுக் கடைசியில் கூட்டும் பழக்கம் எவ்வளவு தவறு என்பதற்கு இந்த நடு உறுப்பே போதும்; தனித்தனியாகப் போட்டால் அது இரண்டிலுமே வராது.

அலையும் ஓட்டத்தால் மாறும். எதிர் ஓட்டத்துக்குள் நுழையும் அலை குறுகி, உயர்ந்து, செங்குத்தாகும். ஓட்டத்தின் வேகம் அலையின் சொந்த வேகத்தில் கால்பங்கை எட்டினால் அலையின் ஆற்றலால் ஓட்டத்தை எதிர்த்து முன்னேறவே முடியாது. மூன்று விநாடிச் சிற்றலைகள் 1.2 மீட்டர் வேக ஓட்டத்திலேயே நின்று உடைந்துவிடும். பத்து விநாடி அலையை நிறுத்த 3.9 மீட்டர் வேண்டும். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே அகுல்லாஸ் நீரோட்டத்தை எதிர்த்து வரும் பெரும் அலைகளைக் கப்பலோட்டிகள் அஞ்சுவதற்குக் காரணம் இந்தச் செங்குத்துதான்.

இன்னொரு தொல்லை, ஓட்டத்தின் குறுக்கே வருவது. உருளைத் தூணைக் கடக்கும் நீர், இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். ஒரு சுழல் சோடிக்கு ஆகும் நேரம், விட்டத்தை வேகத்தால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் தோராயமாகக் கிடைக்கும். முப்பது மீட்டர் விட்ட ஸ்பார், விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம்: 150 விநாடி. மறுபடி நங்கூரமிட்ட மிதவை தானாக ஆடும் காலத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறோம். மிதவை ஓட்டத்துக்குக் குறுக்கே எட்டுப் போட ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் ஸ்பார் உடலைச் சுற்றித் திருகாணி மரைபோல் தகடுகளை ஒட்டுகிறார்கள். சுழல்கள் உடல் நெடுக ஒரே நேரத்தில் உதிராமல் அவை கலைத்துவிடும்.

அழுத்தி விட்டு எண்ணுவது

அந்த ஐந்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். பெரும்பாலும் ஒரு தொட்டியிலிருந்து. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியை அமைதியான நீரில் வைத்து, ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, சட்டென்று விடுகிறார்கள். ஆட்டத்தின் உச்சங்களை ஒவ்வொன்றாக அளக்கிறார்கள்: பத்துப் பாகை, ஏழு, ஐந்து, மூன்றரை. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதிலிருந்து தணிப்பு வருகிறது. உச்சம் பெரிதாக இருக்கும்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறையும் பங்கு அதிகமாகவும், சிறிதாகச் சிறிதாகக் குறைவாகவும் இருந்தால், உதிரும் சுழல்கள் அங்கே வேலை செய்கின்றன என்று பொருள். ஃப்ரூட் 1872-ல் இங்கிலாந்தின் டார்க்கே நகரில் மாதிரிகளை இழுத்துப் பார்க்கும் தொட்டியைக் கட்டினார். கப்பலின் அடிவயிற்று ஓரங்களில் நீளவாக்கில் தகடு ஒட்டினால் உருளல் எவ்வளவு அடங்கும் என்பதையும் அவர் காலத்திலேயே சோதித்தார்கள். பில்ஜ் கீல் எனும் அந்தத் தகடுகள் வேண்டுமென்றே சுழல்களை உண்டாக்கித்தான் கப்பலைக் காக்கின்றன.

தொட்டி எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. அலைகளைச் சரியான விகிதத்தில் சுருக்கினால், பிசுபிசுப்பு சரியாகச் சுருங்காது. ஓடும் நீரின் உந்துதல் பிசுபிசுப்பைப்போல எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் ரேனால்ட்ஸ் எண், ஐம்பதில் ஒரு பங்கு மாதிரியில் 350 மடங்கு குறைந்துவிடுகிறது. மேலே சொன்ன முப்பது மீட்டர் ஸ்பாருக்குக் கடலில் அது மூன்று கோடி. தொட்டியில் 85 ஆயிரம். வழுவழுப்பான உருளையின் இழுவை இந்த இரண்டுக்கும் நடுவே, சில லட்சங்களில், திடீரென்று சரிகிறது. மாதிரி அந்தச் சரிவுக்கு இந்தப் பக்கம், உண்மையான மிதவை அந்தப் பக்கம்.

அப்படியானால் பிசுபிசுப்போடு முழு நீரையும் கணினியிலேயே கணக்கிடலாமே? செய்கிறார்கள். நீர்வெளியை லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பங்கு நீர், எவ்வளவு பங்கு காற்று என்று பின்தொடரும் முறையை 1981-ல் ஹிர்ட்டும் நிக்கோல்ஸும் வெளியிட்டார்கள். உடையும் அலை, மேடையின் அடியில் அறையும் நீர், விளிம்பில் உதிரும் சுழல் எல்லாம் அதில் தெரியும். விலை நேரம்தான். பல கணினிச் செயலிகளைப் பூட்டினாலும் சில நிமிடக் கடல்நேரத்துக்கே நாட்கணக்கில் ஓடும். மூன்று மணிநேரப் புயலை இருபது முறை ஓட்டுவது இப்போதைக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் அழுத்தி விட்டு எண்ணும் சோதனையை மட்டும் அதில் செய்து, கிடைத்த தணிப்பைப் பேனல் கணக்கில் கொண்டுவந்து செருகுகிறார்கள். தொட்டிக்கு மாற்றாக அல்ல, இன்னொரு தொட்டியாக.

இந்தக் கூட்டுமுறை எவ்வளவு நம்பகமானது என்பதைப் பன்னாட்டுக் குழு ஒன்று நேர்மையாகச் சோதித்திருக்கிறது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் காற்றாற்றல் பிரிவின் கீழ் நடந்த ஓசி5 திட்டத்தில், ஐம்பதில் ஒரு பங்கு அளவில் தொட்டியில் அளந்த அரைமூழ்குக் காற்றாலை மேடை ஒன்றை, பல நாட்டுக் குழுக்கள் தத்தம் மென்பொருளில் கணித்தன. அலைகளின் காலத்தில் நிகழும் அசைவு நன்றாகவே ஒத்துப்போனது. ஆனால் கட்டமைப்பின் மீதான சுமைகளைக் கணக்குகள் சராசரியாகச் சுமார் 20 சதவீதம் குறைத்தே சொன்னன. மெதுவான ஆட்டத்தைக் குறைத்துக் கணித்ததுதான் இதில் முக்கியப் பங்கு வகித்தது. அடுத்து வந்த ஓசி6 திட்டம் தொடங்கியதே இந்த இடைவெளியைத் தேடித்தான்.

மிதக்கும் காற்றாலைகளில் தணிப்பு எதிர்மறையாகவும் போகலாம். காற்று பலத்திருக்கும்போது, சுழல்வேகத்தைக் கட்டுக்குள் வைக்கக் கட்டுப்பாட்டுக் கருவி இறக்கைகளைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கோபுரம் காற்றை நோக்கிச் சாயும்போது இறக்கைகள் கூடுதல் காற்றை உணர்கின்றன. கருவி உடனே அவற்றைத் திருப்பிக் காற்றை வழியவிடுகிறது. பின்னோக்கித் தள்ளும் விசை, அது மிகவும் தேவைப்படும் கணத்தில் குறைந்துவிடுகிறது. தரையில் நிற்கும் காற்றாலைக்குச் சரியாக வேலை செய்த அதே கருவி, மிதவையில் ஊஞ்சலைத் தட்டிவிடும் விரலாகிறது. மிதவையின் பிட்ச் ஆட்டத்தைவிட மெதுவாக வினைபுரியும்படி கருவியை அடக்கிவைத்தாக வேண்டும். 2017-ல் ஸ்காட்லாந்துக்கு அப்பால் ஆறு மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் ஐந்தோடு இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் போன்ற ஸ்பார் மிதவைகளுக்கு, காற்று, அலை, சங்கிலி, கட்டுப்பாட்டு நிரல் நான்கையும் ஒரே கணக்கில் சேர்த்து ஓட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

மீள்விசைகூட எப்போதும் நிலையாக இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலை நேர்முன்னால் வரும்போது, அகன்ற முனைகள் கொண்ட சரக்குப் பெட்டகக் கப்பல்களின் நீர்ப்பரப்பு வடிவம் அலைக்கு அலை மாறி, நிமிர்த்தும் விசை கூடிக் குறையும். அது உருளல் காலத்தின் பாதியில் நடந்தால், பக்கவாட்டில் எந்த அலையும் இல்லாமலே கப்பல் உருள ஆரம்பிக்கும். 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏபிஎல் சைனா என்ற கப்பல் நூற்றுக்கணக்கான பெட்டகங்களை இழந்தது இப்படித்தான். நேர்விகிதப் பேனல் கணக்கில் இது வரவே வராது. அந்த உருளல் தொடங்குமா என்பதையும் கடைசியில் தணிப்புதான் சொல்கிறது. ஒரு வரம்புக்கு மேல் தணிப்பு இருந்தால் அது முளைக்காது.

ஆகவே முதல் வரைபடத்தை இப்படி வரைந்து கொடுப்பவரின் வேலையை நான் நம்புவேன். அதே கப்பல், அதே அலைகள், பேனல் கணக்கு தந்த தணிப்பு அப்படியே. அதன்மேல் தொட்டியில் அளந்த ஐந்து சதவீதத்தோடு ஒரு கோடு, இரண்டரை சதவீதத்தோடு ஒன்று, ஏழரை சதவீதத்தோடு ஒன்று. ஐந்து விநாடியில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், பதினாறிலும் அப்படியே. பன்னிரண்டில் மட்டும் விரிந்து பிரியும்: 14 பாகை, 10 பாகை, ஏழரைப் பாகை.